வரி பற்றிய ஓர் ஆய்வு, ஐந்து வடிவங்கள்: எதில் நேரத்தைப் போடுவது?

நாற்பது பக்க ஆய்வறிக்கை முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி உயர்ந்தபோது எந்த வருமானப் பிரிவுக் குடும்பம் எவ்வளவு கூடுதலாகக் கட்டியது, அரசாங்கம் திருப்பிக் கொடுத்த பற்றுச்சீட்டுகள் அதில் எவ்வளவை ஈடுகட்டின என்பதே அதன் விஷயம் என்று வைத்துக்கொள்வோம். இதை அமைச்சில் கோப்பு பார்க்கிறவரும் படிக்க வேண்டும், தேக்கா சந்தையில் காய் வாங்குகிறவரும் படிக்க வேண்டும். கையில் இருப்பது மூன்று பேர், நான்கு வாரம். இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு எழுதலாம். தமிழில் விளக்கக் கட்டுரை எழுதலாம். இணையத்தில் ஒரு கணிப்பான் அமைக்கலாம். காணொளியோ வானொலிப் பேச்சோ தயாரிக்கலாம். ஆட்களைக் கூட்டி நேரில் பேசலாம். ஐந்தையும் செய்ய ஆளும் இல்லை, நாளும் இல்லை.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கொள்கைக் குறிப்பும் தமிழ்க் கட்டுரையும். இரண்டுக்கும் முன்னால் ஒரு கணக்குத் தாள். நேரில் பேசுவதைச் சிறிய அளவில் வைத்துக்கொள்ளலாம். கணிப்பானை விட்டுவிடலாம். காணொளி காத்திருக்கட்டும்.

கணக்குத் தாள்

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2022 இறுதிவரை 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. வரிக்கு முன் 100 வெள்ளி விலையுள்ள பொருளுக்குக் கடையில் 107 வெள்ளி கொடுத்தவர் இப்போது 109 கொடுக்கிறார். வரி விகிதம் 2 விழுக்காட்டுப் புள்ளி ஏறியது. கடையில் கொடுக்கும் விலை 1.87 விழுக்காடு ஏறியது. கட்டும் வரி 7 வெள்ளியிலிருந்து 9 வெள்ளியானது, அதாவது 28.6 விழுக்காடு ஏறியது. மூன்று எண்ணும் சரி. ஆனால் கொள்கைக் குறிப்பில் முதலாவதும், கட்டுரையில் இரண்டாவதும், யாரோ போட்ட படத்தில் மூன்றாவதும் வந்தால், ஒரே ஆய்வு மூன்று விதமாகப் பேசுவதாகத்தான் மக்களுக்குத் தோன்றும். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே எந்த வடிவத்தையும் தொடுவதற்கு முன், வெளியே போகப்போகும் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுத வேண்டும். பதினைந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: எதை எதால் வகுத்தது, யார் யார் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள், எந்த நாள் நிலவரம், ஆய்வைச் செய்யாத ஒருவர் மறுபடி போட்டுப் பார்த்தாரா.

எதால் வகுத்தது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறது. கட்டிய வரியைக் குடும்ப வருமானத்தால் வகுத்தால், வருமானம் குறைந்தவர்மேல் சுமை கூடுதலாகத் தெரியும். அதே வரியைக் குடும்பச் செலவால் வகுத்தால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு வருமானம் ஏறக்குறைய இல்லை என்பதால் முதல் கணக்கில் அவர்களுடைய எண் தாறுமாறாக எகிறும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் எதிர்த்தரப்பு மற்றதை எடுத்துக்கொண்டு வரும்.

வேறொருவர் மறுபடி போட்டுப் பார்ப்பது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளியலாளர்களின் ஆய்வு போதும். நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று 2010இல் வந்த அந்த ஆய்வின் ஒற்றை எண் பல நாட்டு அமைச்சர்களின் பேச்சுகளில் ஏறியது. அந்த நிலையில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு என்று அது கணக்கிட்டிருந்தது. 2013இல் ஹெர்ண்டன், ஆஷ், போலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். எக்செல் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை. சராசரி எடுத்த முறையும் கேள்விக்குரியதாக இருந்தது. மூன்றையும் திருத்தியபோது வளர்ச்சி 2.2 விழுக்காடாக வந்தது. அதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

அமைச்சுக்குப் போகும் இரண்டு பக்கம்

கனடாவில் சுகாதார ஆய்வுகளுக்காகப் பரவிய 1:3:25 என்ற வழக்கம் இன்றும் பயன்படுகிறது: ஒரு பக்கத்தில் முக்கியச் செய்தி, மூன்று பக்கத்தில் சுருக்கம், இருபத்தைந்து பக்கத்தில் அறிக்கை. நாங்கள் முதல் இரண்டையும் சேர்த்து இரண்டு பக்கமாக்கச் சொல்வோம். அதிகாரி அதற்குமேல் படிக்க நினைத்தால் நேரே அறிக்கைக்கே போவார்.

முதல் வாக்கியத்தில் முடிவெடுக்க வேண்டிய கேள்வி இருக்க வேண்டும். "இந்த ஆய்வு பொருள் சேவை வரியின் தாக்கத்தை ஆராய்கிறது" என்று தொடங்கும் குறிப்பு ஓரமாகப் போய்விடும். "பற்றுச்சீட்டுத் தொகையை அவ்வப்போது அறிவித்து உயர்த்துவதா, விலைவாசியோடு சேர்ந்து தானாக உயரும்படி வைப்பதா?" என்று தொடங்கினால், அந்தக் கோப்பைக் கையாள்பவர் தன் வேலை இது என்று உடனே அறிந்துகொள்வார். அதன்பின் வழிகளை வைக்க வேண்டும், இப்போதுள்ளபடியே விடுவதும் அதில் ஒரு வழி. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுச் செலவு எவ்வளவு, யாருக்குக் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது, எண் எந்த எல்லைக்குள் ஏறி இறங்கலாம். ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் கொடுப்பதே நேர்மை.

இங்கே இன்னொன்றும் வேண்டும். சிங்கப்பூரில் ஓர் அரசாங்கம் தன் பதவிக்காலத்துக்குள் வரவையும் செலவையும் சமன்செய்தாக வேண்டும். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் தேவை. அதனால், பரிந்துரைக்கும் செலவு ஒரே தடவை வருவதா, ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவதா என்று பிரித்துச் சொல்லாத குறிப்பை நிதி அமைச்சில் யாரும் மேலே அனுப்ப முடியாது. நல்ல ஆய்வுகள் இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் நின்றுவிடுகின்றன.

கதவு தவறினாலும் அதே கதிதான். பொருள் சேவை வரியின் விகிதம் நிதி அமைச்சின் விஷயம், வசூல் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வேலை. ஊழியரும் முதலாளியும் கட்டும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியின் கொள்கை மனிதவள அமைச்சின்கீழ் வருகிறது. வசூலிப்பவரிடம் விகிதத்தை மாற்றச் சொல்லிக் குறிப்பு அனுப்பினால் பணிவான பதில் ஒன்று வரும், அவ்வளவுதான்.

நாளையும் பார்க்க வேண்டும். வரவு செலவுத் திட்ட உரை வழக்கமாகப் பிப்ரவரியில் வருகிறது, நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் போய்ச் சேரும் குறிப்பு அந்த ஆண்டுக்கு உதவாது. செப்டம்பர், அக்டோபரில் மேசைக்குப் போகட்டும். பொதுமக்கள் கருத்து கேட்கப்படும் ஆண்டு இறுதியில் அதையே சுருக்கி இன்னொரு தடவை அனுப்பலாம்.

இந்த வடிவத்துக்குச் செலவு குறைவு, பலன் பெரிது. குறையும் உண்டு: இருபது முப்பது பேருக்குமேல் படிக்க மாட்டார்கள். அந்த இருபது முப்பது பேர் போதும் என்பதற்காகத்தான் இது முதலிடத்தில் இருக்கிறது.

தமிழ்க் கட்டுரை

பொதுமக்களுக்கான வடிவங்களில் இதற்கே எங்கள் வாக்கு. கட்டுரையைத் தேடி எடுக்கலாம், வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மகள் அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம், தவறு இருந்தால் அரை மணி நேரத்தில் திருத்தலாம். ஆனால் ஆங்கிலச் சுருக்கத்தை எடுத்து மொழிபெயர்த்து உண்டாக்குவதாக இருந்தால் செய்யாமலே விடலாம். தமிழில் முதலிலிருந்தே எழுத வேண்டும். பொதுநிதிப் பொருளியலில் மொழிபெயர்ப்பு எப்படிக் காலை வாருகிறது என்பதற்குச் சில சொற்களே சாட்சி.

வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும் வரியை "முற்போக்கு வரி" என்று எழுதுகிறார்கள். தமிழ் வாசகருக்கு முற்போக்கு என்றால் அரசியல் நிலைப்பாடு. வளர்வீத வரி, தேய்வீத வரி என்ற நல்ல சொற்கள் பாடநூல்களிலேயே இருக்கின்றன. "உண்மையான வருமானம் 2 விழுக்காடு உயர்ந்தது" என்றால், மற்றது பொய்யான வருமானமா என்று கேட்பார்கள். "விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால்" என்று எழுதினால் தீர்ந்தது. புள்ளியியல் பொருளில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்பது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்கிறது. வாசகரோ அதைப் பெரிய வேறுபாடு என்று படிக்கிறார். "வரி நிகழ்வு" என்பது மேடை நிகழ்ச்சி மாதிரி ஒலிக்கிறது. "வரிச்சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது" என்று நீட்டி எழுதுவதில் இழப்பு எதுவுமில்லை. வீட்டின் "ஆண்டு மதிப்பு" இன்னொரு பொறி. பற்றுச்சீட்டுத் தகுதிக்கு அதைப் பார்க்கிறார்கள். அது வீட்டின் விலை இல்லை, வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கக்கூடும் என்ற மதிப்பீடு. இதை ஒரு வாக்கியத்தில் சொல்லாவிட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பவர்கூடத் தனக்குத் தகுதி இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

"குடியிருப்பாளர்" என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். புள்ளிவிவரத் துறையின் கணக்கில் அது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் குறிக்கிறது. இங்கே தமிழ்க் கட்டுரை படிப்பவர்களில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டவர்கள் நிறையப் பேர். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கும் ஊழியர் பொருள் சேவை வரி கட்டுகிறார். குடிமக்களுக்கான பற்றுச்சீட்டு அவருக்கு இல்லை, சேமநிதியும் இல்லை, வருமான ஏற்றத்தாழ்வுக் கணக்கிலும் அவர் இல்லை. ஆங்கிலக் குறிப்பில் இது அடிக்குறிப்பாகப் போகலாம். தமிழ்க் கட்டுரையில் முதல் பத்தியிலேயே "இந்தக் கணக்கு யாரைப் பற்றியது" என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். இதை விட்டுவிட்டு எழுதுவது அந்த வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

கட்டுரையின் நடுப்பகுதியை ஒரே ஒரு மாதிரிக் கணக்கு தாங்க வேண்டும், படிப்பவர் தன் எண்ணைப் போட்டுப் பார்க்கும்படி. சேமநிதி பற்றிய ஆய்வானால்: 55 வயதுக்கு உட்பட்டவர், மாதச் சம்பளம் 3,000 வெள்ளி. ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 600 வெள்ளி. கையில் வருவது 2,400. முதலாளி பங்கு 17 விழுக்காடு, 510 வெள்ளி. முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு 3,510. இந்த 510 வெள்ளியைச் சட்டப்படி கட்டுவது முதலாளி. அது இல்லாவிட்டால் சம்பளமாகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பாரா என்பதே பொருளியல் கேள்வி. சட்டம் யாரைக் கட்டச் சொல்கிறது, சுமை யாரிடம் போய்ச் சேருகிறது என்ற பிரிவினையை இந்த ஐந்து எண்களை வைத்தே விளக்கிவிடலாம்.

வரி ஆய்வானால் உணவங்காடிக் கடையை எடுக்கலாம். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது. ஆனால் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் விலையில் வரி உட்கார்ந்திருக்கிறது. விற்பனைப் பணத்தில் பாதி அப்படிப்பட்ட சரக்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி 7லிருந்து 9 ஆனதால் அந்தப் பாதி 1.87 விழுக்காடு ஏறுகிறது, மொத்த விற்பனையில் அது 0.9 விழுக்காட்டுச் சொச்சம். 4 வெள்ளி சாப்பாட்டுக்கு 4 காசுக்கும் குறைவு. ஆனால் எந்தக் கடையும் விலையை 4 காசு ஏற்றுவதில்லை. சில மாதம் தாங்கிக்கொண்டு, வாடகை, கூலி, அரிசி விலை எல்லாம் சேர்ந்த பிறகு ஒரேயடியாக 50 காசு ஏற்றுகிறார்கள். அந்த 50 காசு முழுவதும் வரியால் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார், வரியால் ஒன்றுமே ஏறவில்லை என்று வேறொருவர் வாதிடுகிறார். இரண்டும் ஏன் தவறு என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டை எழுதும்போது வளைகோட்டு வரைபடம் போட்டு விளக்க முயல வேண்டாம். 2023இல் சிங்கப்பூரில் வேலைசெய்வோர் உள்ள குடியிருப்பாளர் குடும்பங்களின் வேலை வருமானத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபோது, கினி 0.433 ஆக இருந்தது. வரியையும் அரசாங்க உதவிகளையும் சேர்த்தபின் 0.371. இதைப் பேச்சுத் தமிழில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைப் பொறுக்கினால் அவர்களுக்கிடையே எதிர்பார்க்கக்கூடிய வருமான வித்தியாசம், சராசரி வருமானத்தில் கினியின் இரு மடங்கு. அதாவது முன்பு ஏறக்குறைய 87 விழுக்காடு, உதவிகளுக்குப் பின் 74 விழுக்காடு. சூத்திரம் தெரியாதவருக்கும் இது பிடிபடும்.

அச்சு வேலையில் இன்னொரு தொல்லை. வரைபடத்தில் தமிழ் எழுத்து உடைகிறது. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியின் வழக்கமான பிடிஎஃப் ஏற்றுமதியிலும், பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" சிதறி நிற்பது சகஜம். ஆர் மொழியில் கெய்ரோ (Cairo) அல்லது ராக் (ragg) என்ற துணைநிரல் வழியாக ஏற்றுமதி செய்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுபவர் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரை இயக்கியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். படம் அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

கணிப்பான்

சம்பளத்தையும் வீட்டு வகையையும் போட்டால் "உங்களுக்கு இவ்வளவு" என்று காட்டும் பக்கம் பார்க்க அழகுதான், நன்கொடையாளருக்கும் பிடிக்கும். ஆனால் குடும்பத்துக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கணக்கிட அரசாங்கத்தின் சப்போர்ட்கோவேர் தளம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் வரும் தொகையும் நம் பக்கத்தில் வரும் தொகையும் பத்து வெள்ளி மாறினால் நம்முடையதைத்தான் தவறு என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அமைக்க ஒரு மாதம், பராமரிக்க ஆண்டு முழுவதும் ஆள். அந்த ஆள் நம்மிடம் இல்லை. அரசாங்கத் தளம் கேட்காத கேள்வி ஒன்று ஆய்வில் இருந்தால் மட்டும், உதாரணமாக வேலை அனுமதிச் சீட்டு ஊழியர் ஓராண்டில் கட்டும் பொருள் சேவை வரி எவ்வளவு என்பது போன்றது இருந்தால், ஒரு பக்கக் கணிப்பானுக்கு இடமுண்டு.

காணொளி, வானொலி

மூன்று நிமிடத்தில் இரண்டு எண் தங்கும், மூன்றாவது வழுக்கிவிடும். காணொளியில் ஓர் எண் தவறானால் மறுபடி எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். பழையது பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். கட்டுரை வந்து, கேள்விகள் திரும்பி வந்து, எந்த இடம் புரியவில்லை என்று தெரிந்த பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் வானொலியில் பேசலாம். ஒலி 96.8 கேட்கும் மூத்தோரில் பலர் கட்டுரை படிக்காதவர்கள், ஆகவே இதை ஒதுக்கிவிடவும் கூடாது.

நேரில்

இருநூறு பேர் கூட்டம் வேண்டாம். சமூக மன்றத்தில் பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். இதை விளம்பரமாக நினைக்காமல் சோதனையாக நடத்த வேண்டும். கட்டுரையின் முன்வரைவைக் கொடுத்து, படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு இரண்டே கேள்வி கேட்கலாம்: "பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" "உங்கள் வீட்டுக்கு இது எவ்வளவு?" இரண்டாவதற்கு மூன்று பேராவது வேறு வேறு விதமாகத் தப்பாகச் சொன்னால் மாதிரிக் கணக்கு சரியில்லை என்று பொருள், வாசகர்மேல் பழி போடக் கூடாது. பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2017 நவம்பரில் பணவீக்க அறிக்கையோடு படங்களும் எளிய வாசகமும் கொண்ட சுருக்கத்தை வெளியிடத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்களும் இப்படித்தான் வாசகர்களிடம் வேறு வேறு வடிவங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். மக்கள் தங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கக்கூடிய எளிய வடிவமே நன்றாகப் புரிந்தது என்று அவர்களுக்குத் தெரியவந்தது.

நான்கு வாரத்தைப் பிரித்தால்

முதல் வாரம் முழுவதும் கணக்குத் தாளுக்கு, மூவரும் அதில்தான். இரண்டாவது வாரம் ஒருவர் கொள்கைக் குறிப்பு, தமிழில் எழுதுபவர் கட்டுரை, மூன்றாமவர் இருவருடைய எண்களையும் தாளோடு ஒப்பிடுவது. மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேரோடு சோதனை, பிறகு கட்டுரையைத் திருத்துவது. திருத்தம் என்றால் பாதியையாவது மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதற்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் வரைபடம், எழுத்துப் பிழை, அனுப்பும் வேலை. கொள்கைக் குறிப்பு கட்டுரைக்கு ஒரு வாரம் முன்னதாகவே அமைச்சுக்குப் போய்விட வேண்டும். தங்கள் கோப்பைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரும் அதிகாரிகள் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கத் தயங்குவார்கள்.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே "இந்த எண்கள் இந்த நாள் நிலவரம்" என்று தேதி போடுங்கள். சேமநிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 6,000 வெள்ளியாக இருந்தது 2023 செப்டம்பரில் 6,300 ஆனது, 2024 ஜனவரியில் 6,800, 2025 ஜனவரியில் 7,400, 2026 ஜனவரியில் 8,000. 2023இல் எழுதிய கட்டுரையைத் தேதி பார்க்காமல் இன்று எடுத்துப் படிப்பவர் தன் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டு முதலாளியிடம் சண்டைக்குப் போகக்கூடும். ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணக்குத் தாளில் மாறிய எண்களைத் திருத்தி, கட்டுரையிலும் மாற்றி, தேதியைப் புதுப்பிக்க யார் பொறுப்பு என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.